பின்சீட்டின் எடை

என் மனைவி சிக்னலில் வண்டியை விட்டு இறங்கிப் போனது எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக்கூட ஏதாவது சமாதானம் சொல்லலாம். அவள் இறங்கிய பிறகு வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதற்குத்தான் என்ன சமாதானம் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

அன்று காலையில்தான் கார்பரேட்டரில் ஜெட் மாற்றியிருந்தேன். ஜெட் என்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு. அதன் நடுவில் இருக்கும் ஊசி முனை ஓட்டைதான் எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று முடிவு செய்கிறது. பழைய ஜெட்டின் ஓட்டை சிறியது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டதை வரவழைத்து மாட்டியிருந்தேன். காலையில் ஓட்டிப் பார்த்தபோது வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் அவளை ஆபீஸிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பெரிய சிக்னலைத் தாண்டியதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா? ஜெட் வேலை செய்யுது!" என்று தலையைத் திருப்பிக் கத்தினேன்.

பதில் இல்லை. ஆச்சரியத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டி இத்தாலியில் செய்தது. சிவப்பு நிறம், இரண்டு சிலிண்டர். வாங்கி வந்த நாளிலிருந்து அதன்மேல் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட அதன் பக்கத்தில் குந்தியிருந்த நேரம்தான் அதிகம். அதன் கிளட்சைப் பற்றி மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மற்ற வண்டிகளில் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும், சத்தம் வராது. இத்தாலிக்காரன் இதில் எண்ணெயே இல்லாமல் காற்றாட வைத்துவிட்டான். கிளட்ச் பிடியை அழுத்தினால் தகடுகள் தளர்ந்து ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், கரண்டி டப்பாவை யாரோ உலுக்குகிற மாதிரி. பிடியை விட்டால் நின்றுவிடும். ஆகவே ஓடும்போது அந்தச் சத்தம் கிடையாது. கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான்.

வண்டி ஓடும்போது ஹெல்மெட்டுக்குள் காற்று இரையும், பேச முடியாது. பின்னால் இருப்பவர் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டும். என் மனைவியும் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்து சிக்னலில் சொல்வாள். கிளட்சும் தன் கச்சேரியை அங்கேதான் வைத்துக்கொள்ளும். இரண்டில் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கும் அவள் முன்னால் சாய்ந்து, "ஏங்க, ஆபீஸ்ல ஒண்ணு சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள நான் பதில்…" என்று ஆரம்பித்தாள்.

நான் வலது கையைத் தூக்கி, "ஷ்ஷ்! ஒரு நிமிஷம். சத்தம் மாறியிருக்கு, கேக்குதா?" என்றேன்.

தலையைச் சாய்த்துக் கிளட்சைக் கேட்டேன். அப்போது வண்டியின் பின்பக்கம் லேசாக மேலே எழும்பியது. போன வாரம் நான் முறுக்கிவிட்ட பின் ஷாக் அப்சார்பர் இப்போதுதான் சரியாக உட்காருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பச்சை விழுந்தது, போய்விட்டேன்.

வீட்டு வாசலில் எங்களோடேயே இருக்கும் என் மாமனார் நின்றிருந்தார். அவர் வாழ்நாள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று பார்த்தே பழகிய கண். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"மாப்ள, அவ எங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். சீட் மட்டும்தான் இருந்தது. எங்கேயோ விழுந்துவிட்டாள் என்று பதறிப்போய் வண்டியைத் திருப்பப் போனபோது தெரு முனையில் பஸ் வந்து நின்றது. அவள் தோள்பையோடும் கையில் ஹெல்மெட்டோடும் இறங்கி நிதானமாக நடந்து வந்தாள்.

"எங்க இறங்கின? ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தாள்.

ஒரு பயணியைத் தவறவிட்டுவிட்டு வந்த பஸ்ஸைப் பார்ப்பது போல மாமனார் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. என் தொழில் காது. மருந்துக் கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவில் எனக்கு ஒரு சின்ன இடம் இருக்கிறது. காது சரியாகக் கேட்கிறதா என்று சோதித்துப் பார்ப்பேன், கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துவேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, வெளியே இருந்து மெல்லிய சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்த வேண்டும். என் பக்கம் விளக்கு எரியும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒன்றுமே கேட்காதபோதும் அழுத்துவார்கள், காது நன்றாக இருக்கிறது என்று எனக்குக் காட்ட. "கேக்கலைன்னா கேக்கலைன்னு இருங்க, எங்கிட்ட பாஸ் மார்க் வாங்க வேண்டாம்" என்று நான் கண்டிப்பேன். ஊரில் இருக்கும் காதுகளையெல்லாம் திருத்துகிற ஆள் நான்.

அவளுடைய வேலை அதைவிட விசேஷம். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார் பிரிவு. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் பட்டனை அழுத்தினால் அழைப்பு அவளுக்குத்தான் போகும். "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள். முன்பின் தெரியாதவர்கள் அழுவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாயங்காலம் என் பின்னால் வந்து உட்கார்ந்து கிளட்சின் அழுகையையும் கேட்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் அலுக்காது? ஆனால் இதெல்லாம் இப்போது தோன்றுகிற ஞானம். கிளட்சுக்கு இத்தாலிய மொழியில் என்ன பெயர் என்று அப்போது எனக்குத் தெரியும். அவளுடைய மேலதிகாரியின் பெயர் தெரியாது.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் எங்கள் வீட்டில் அவசரம், ராத்திரியில் அசதி, நடுவில் ஹாலில் மாமனாரின் டிவி. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த இடம் அந்த வண்டி ஒன்றுதான். அவள் மறுபடி அதில் ஏற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பழுது கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சுலபமானதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் அந்த முறைப்படியே போனேன். அவளிடம் நேராகப் போய்க் கேட்பது அந்த முறையில் இல்லை.

ஆனாலும் ஒருமுறை கேட்கவும் செய்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு, "சீட் உறுத்துதா?" என்றேன்.

"சீட்டா?" என்றாள்.

அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். பின்சீட்டைக் கழற்றி, பழைய பஞ்சைப் பிய்த்து எறிந்து, புதுப் பஞ்சு வைத்து, உறையை இழுத்து ஆணி அடித்தேன். முதல் தடவை ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து போனது. இரண்டாவது தடவை இரண்டு பக்கமும் சமமாக வந்தது, நடுவில் மட்டும் ஒரு மேடு. ஓட்டிப் பார்க்கப் பின்னால் ஆள் வேண்டுமே? ஒரு சாக்கில் மணல் நிரப்பி, அவள் எடைக்குச் சரியாக இருக்கும் என்று குத்துமதிப்பாக முடிவு செய்து, கயிற்றால் கட்டினேன். அது சரியும்போது கண்ணாடியில் தெரிய வேண்டும் என்று அதன் தலையில் அவள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தேன். அப்படியே ஊர்வலம் வந்தேன். அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், என்னையும் சாக்கையும் பார்த்துவிட்டு, "பொருத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து சூடு. பின் சிலிண்டரும் சைலென்சரும் பின்னால் இருப்பவர் காலை வறுத்துவிடும். அதற்கு ஒரு தகடு வெட்டி மறைப்பு வைத்தேன். பிறகு அவள் கால் வைக்கும் கட்டையைக் கீழே இறக்கினேன். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவள் கண்ணில் படும்படி துடைப்பேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள்.

மணல் சாக்கு வாய் திறந்து சொல்லாது என்பது கடைசியில் எனக்கும் புரிந்தது. மாமனாரைக் கேட்டேன். அவர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி வேட்டியைக் கழற்றிவிட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்து என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்!" என்றார். ஒவ்வொரு வேகத்தடையிலும் வாய்விட்டுச் சிரித்தார். தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கை அசைத்தார். சீட் எப்படி என்று கேட்டதற்கு, "பஸ்ல என்னைக்கு மாப்ள நமக்கு சீட் கிடைச்சுது?" என்றார். சோதனைக்கு லாயக்கில்லாத ஆள்.

அதே பெரிய சிக்னலில் நின்றோம். கிளட்ச் கலகலத்தது. மாமனார் என் காதருகே வந்தார்.

"மாப்ள, நான் சொல்லக் கூடாதுதான். ஆனா அவ போறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும்…"

"ஷ்ஷ், மாமா! இப்ப கேளுங்க. இதேதான்! இந்தச் சத்தத்துக்குத்தான் அவ இறங்கிட்டா!"

மாமனார் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, "எனக்கு இப்ப எல்லாம் விளங்குது" என்றார். எனக்கும் விளங்கிவிட்டது என்று நான் சொன்னேன். பஞ்சும் இல்லை, சூடும் இல்லை. கிளட்ச்.

பெட்ரோல் பங்கின் பின்னால் ஒரு கொட்டகையில் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோரிடமும் "பொறுமை, பொறுமை" என்று சொல்லிச் சொல்லி அவருக்குப் பெயரே பொறுமை அண்ணன் என்று ஆகிவிட்டது. வேலையை எடுத்துக்கொண்டால் திருப்பித் தர அத்தனை காலம் ஆகும், அதனால் அந்த வார்த்தை அவருக்குத் தேவைப்பட்டது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரே தொழில் செய்கிறவர்களுக்கு உள்ள மரியாதையோடு நான் காத்திருந்தேன்.

"இது கோளாறு இல்ல சார்" என்றார். "இந்த வண்டி இப்படித்தான். இதுக்காகவே வாங்கறவங்க இருக்காங்க."

"என் வீட்ல இது பிடிக்கல."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. சிக்னல்ல நியூட்ரல் போட்டுட்டுக் கையை எடுத்துடுங்க. சத்தம் நின்னுடும்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்? இந்த வண்டியில் நின்ற இடத்தில் நியூட்ரல் விழ வைப்பதே பெரும் பாடு. ஒன்றுக்குப் போகும், இரண்டுக்குப் போகும், நடுவில் இருக்கிறதை மட்டும் காட்டாது. ஆனால் அது வெறும் சாக்குப்போக்கு. உண்மையான காரணம் வேறு. நியூட்ரல் போட்டால் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றுவிட்டால் அப்புறம் நான் எதைக் கேட்டுக்கொண்டு நிற்பது?

"இல்லண்ணே, கிளட்சையே மாத்திடலாம்" என்றேன்.

"பொறுமை" என்றார். ஆனால் சந்தோஷமாகத்தான் சொன்னார். இந்த மாதிரி கழற்றி மாட்டுகிற வேலை கிடைத்தால் யார் விடுவார்கள்?

புதுத் தகடுகளும் அவை உட்காரும் கூடையும் இத்தாலியிலிருந்து வந்து சேரும்வரை காத்திருந்தேன். அவை வந்ததும் பழையதைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாள் விரித்து வரிசையாக அடுக்கினேன். மாமனார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவள் ஒரு தகட்டை எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் இருந்த தேய்மானத்தை விரலால் தடவினாள்.

"இதுதான் பேசிக்கிட்டே இருக்குமா?"

"ஆமா. இனிமே பேசாது. உனக்காகத்தான் மாத்தறேன்."

அதைத் திரும்ப அதே இடத்தில், அதே வரிசையில் வைத்தாள். அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே டிவியில் யாரோ கைதட்டினார்கள். அவள் கை கழுவப் போய்விட்டாள்.

பொறுமை அண்ணன் வீட்டுக்கே வந்து புதியதைப் பொருத்தி, ஸ்க்ரூவை இறுக்கிக் கையைத் துடைத்தபோது வண்டி ஊமையாகிவிட்டது. எஞ்சினின் மெல்லிய முனகல் மட்டும்தான் மிச்சம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக அந்தச் சிக்னலுக்குப் போனேன். சிவப்பு விழும்வரை ஓரத்தில் காத்திருந்து, சிவப்பு விழுந்ததும் போய் நின்றேன். கிளட்சைப் பிடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. வழக்கம்போலத் தலையைச் சாய்த்தேன். பக்கத்து ஸ்கூட்டரில் ஒரு பெண் முன்னால் இருந்தவனிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் "அப்புறம்?" என்று கேட்டான். என் காதுக்கு வேலையே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று சொல்லத் திரும்பினேன். சொல்ல ஆளில்லை. அப்போதுதான் முதல் தடவையாக, மாசக் கடைசிக்குள்ள என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. மாசக் கடைசிக்குள் என்ன? நாட்காட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்றுதான் அங்கிருந்து போய்க் கடையைத் திறந்தபோது நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவளே வந்துவிட்டாள். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கைப்பையை என் நாற்காலியில் வைத்தாள்.

"உள்ள போய் உக்காருங்க."

"டெஸ்ட் உனக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

அந்த இயந்திரத்தை இயக்க அவளுக்குத் தெரியும். நான் இந்தத் தொழிலைப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் காதை வைத்துத்தான் பழகினேன். சத்தங்கள் அனுப்பி முடித்த பிறகு ஒருநாள், உள்ளே இருப்பவரோடு பேசுவதற்கென்று இருக்கும் மைக்கை அழுத்தி, "ஞாயித்துக்கிழமை எங்கூட வண்டியில வர்றியா?" என்று கேட்டேன். விளக்கு எரிந்தது. எங்கள் கல்யாணம் அப்படித்தான் ஆரம்பித்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன் என்றால் நம்புவீர்களா? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பட்டனைக் கையில் எடுத்தபோதுதான் நினைவு வந்தது.

கதவு மூடியது. அந்த அறைக்குள் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றாள். "கேட்டா பட்டனை அழுத்துங்க. பேசக் கூடாது."

அழுத்தினேன்.

"ஆபீஸ்ல என்னை வேற ஊருக்குக் கூப்பிடறாங்க. புதுக் கிளை. புகார் பிரிவு முழுக்க எம் பொறுப்பு."

அழுத்தினேன்.

"ரெண்டு வருஷம். பக்கத்து ஊர் இல்ல. தினமும் வந்துபோக முடியாது."

அழுத்தினேன்.

"உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு ஒவ்வொரு சிக்னலா பாத்தேன். ஒவ்வொரு சிக்னல்லயும் உங்க கிளட்ச் முந்திக்கிச்சு. வீட்ல வந்து சொல்லியிருக்கலாம். எனக்கும் வீம்பு வந்துடுச்சு."

விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும்.

"நேத்து சரின்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

இப்போது மட்டும் விரல் தாமதித்தது. அழுத்தினால் ஒப்புக்கொண்டது மாதிரி. அழுத்தாவிட்டால் கேட்கவில்லை என்று பொய். கடைசியில் அழுத்தினேன்.

அவள் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தாள். "சீட்டு நல்லாத்தான் இருந்துது" என்றாள் மெதுவாக. அழுத்தினேன். இன்னும் குறைத்தாள். "சிக்னல்ல நியூட்ரல் போட்டாலே அந்தச் சத்தம் நின்னுடும். நான் பின்னாடி உக்காந்து கவனிச்சிருக்கேன்." அழுத்தினேன், அசடு வழிந்தது. இன்னும் குறைத்தாள். அவள் உதடு அசைந்தது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் அந்த நிலைமையில் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அழுத்தினேன்.

அவள் திருகை ஏற்றினாள். "மைக்கையே அணைச்சிருந்தேன்" என்றாள். "கேக்கலைன்னா கேக்கலைன்னு இருங்க. எங்கிட்ட பாஸ் மார்க் வாங்க வேண்டாம்."

பிறகு சிரித்தாள். அத்தனை நாளில் முதல் சிரிப்பு. நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்ன? கடைசியா என்ன சொன்ன?"

"சிக்னல்ல சொல்றேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வண்டியில் ஏறவில்லை. அடுத்த நாளும் ஏறவில்லை. பெட்டிகளை முன்னாலேயே அனுப்பிவிட்டாள். இருந்த நாட்களில் நாங்கள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். அவளுடைய மேலதிகாரியின் பெயர் எனக்கு இப்போது தெரியும். அவர் எப்படிப்பட்ட ஆள் என்றும் தெரியும். போகும் நாளில், தோளில் ஒரு பையோடு வாசலுக்கு வந்தவள், பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பாமல் நேராக வண்டியிடம் போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

மாமனார் வாசலில் நின்று, "என்னை இவர்கிட்ட விட்டுட்டுப் போறியேம்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமிழ்ந்தது. அந்த அமிழ்தலுக்காக எத்தனை பாடு பட்டிருந்தேன். மாமனார் சீட்டின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில்தான் அந்தச் சிக்னல். சிவப்புக்காக இவ்வளவு ஆசையாக நான் எந்த நாளும் காத்திருந்ததில்லை. சிவப்பு விழுந்தது. நியூட்ரல் தேடினேன். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. சிக்னலில் பச்சை விளக்கு எரிவதற்குள் வண்டியில் நியூட்ரலுக்கான பச்சை விளக்கு எரிய வேண்டுமே என்று தவித்தேன். ஒருவழியாக விழுந்தது. கிளட்ச் பிடியிலிருந்து கையை எடுத்தேன். எஞ்சினையே அணைத்தேன்.

"சொல்லு."

அவள் முன்னால் சாய்ந்தாள். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்துக்கொண்டன.

"அன்னைக்கு இங்க நீங்க நான் சொன்னதைக் கேட்டிருந்தா, போகாதேன்னு சொல்லியிருப்பீங்க. ஒரு தடவை சொல்லியிருந்தாப் போதும், நான் விட்டிருப்பேன்."

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

"நல்லவேளை" என்றாள். "நீங்க கிளட்சைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க."

பச்சை விழுந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எஞ்சின் ஒரே தடவையில் கிளம்பவில்லை, அந்த வண்டியிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி. போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

ரயில் கிளம்பும்வரை ஜன்னலருகே நின்றேன். ரயில் இரைந்தது, அவள் உள்ளே இருந்து எதையோ சொன்னாள். "கேக்கல!" என்று கத்தினேன். இன்னும் சத்தமாகச் சொன்னாள். இந்தத் தடவை கேட்டது, தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது அதே சிக்னலைத் தாண்டியதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. பின்பக்கம் லேசாகி, அன்றைக்குப் போலவே நன்றாக இழுத்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்து, ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலில் மாமனார் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பின்னால் பார்த்தார். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"ஏத்தி விட்டுட்டேன் மாமா. ஜன்னல் சீட்டு."